காலுக்கு யார் பொறுப்பு?

போன மழைக்காலத்தில் செராஸில் எங்கள் தாமான் விளையாட்டுத் திடல் ஓரம் நின்ற அங்சானா மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து சாலையை அடைத்துவிட்டது. மறுநாள் காலையில் குத்தகைக்காரர் ஒருவரின் லாரியில் மூன்று பேர் வந்தார்கள். செயின்சோ பிடித்தவர் ஐம்பதைத் தாண்டிய தமிழர். முட்டிவரை கால்சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். சங்கிலி அவர் இடது முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனபோது கேட்டேன். "காலுக்கு ஒண்ணும் போட மாட்டீங்களாண்ணே?"

"பேண்டு லோரியில இருக்கு தம்பி. போட்டா வேகுது. அதுக்கே சம்பளத்துல புடிச்சுட்டாங்க."

கடைசியாகச் சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது. கால் அவருடையது, வேலை இன்னொருவருடையது. காலைக் காப்பாற்றும் செலவு மட்டும் யாருடையது? இந்த மண்ணில் இது பழைய கேள்வி.

செராஸிலிருந்து தெற்கே போகும் சாலை காஜாங்கில் சேரும். அங்கே இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890களின் நடுவில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. நடுவதற்கு முன் காட்டை அழிக்க வேண்டும். கோடாரி, பாராங், நெருப்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வெறுங்காலோடுதான் வெளிக்காட்டு வேலையில் இறங்கினார்கள். அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவினார்கள், சாக்குத் துணியைச் சுற்றினார்கள். துரைமார் காலில் பூட்ஸும் நீண்ட காலுறையும் இருந்தன. சிலர் கணுக்காலிலிருந்து முட்டிவரை துணிப்பட்டை சுற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பட்டீ'. இந்தியில் துணிக்கீற்றைக் குறிக்கும் 'பட்டி' என்ற சொல்லிலிருந்து போனது அது. நம் பக்கத்துச் சொல்லும் நம் பக்கத்து வழக்கமும் துரையின் காலுக்கு ஏறின. நம் கால் அப்படியே இருந்தது.

வெறுங்காலுக்கு விலை இருந்தது. கொக்கிப்புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகிறது என்பதை ஆர்தர் லூஸ் 1898 வாக்கில் எகிப்தில் கண்டுபிடித்தார். தோட்ட மருத்துவமனைகளில் இரத்தசோகையோடு படுத்துக் கிடந்த பலருக்கு நோய் ஏறிய வழி பாதம்தான். இருந்தும் செருப்பு என்பது தொழிலாளி தானே வாங்கிக்கொள்ள வேண்டிய பொருளாகவே நீடித்தது.

அடுத்த கட்டம் மறுநடவு. வயதான பால்மரங்களை அகற்றிப் புதியது நட 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. அப்போதெல்லாம் மரத்தின் பட்டையில் சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைப் பூசி நின்ற நிலையிலேயே சாகவிடும் முறையும் இருந்தது. கோடாரி, கைரம்பம், நஞ்சு என்று போன வேலையில் பிறகு இயந்திரம் நுழைந்தது. ஜெர்மனியின் ஸ்டீல் நிறுவனம் 1929இல் செய்த பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். 1959இல் வந்த 'காண்ட்ரா' சுமார் 12 கிலோதான். ஒரே ஆள் போதும். வேலை வேகமானது. ஆனால் அந்த ஒரே ஆளின் தொடைக்குப் பக்கத்திலேயே சங்கிலி ஓட ஆரம்பித்தது. வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடது காலை முன்னே வைத்து நிற்பார். அதனால் வெட்டு அதிகம் விழுவது இடது தொடையிலும் முழங்காலிலும்.

இதற்கென்று உருவான கால்காப்பு இரும்புக் கவசம் மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே பல அடுக்காக நீளநீளமான வலிய நார்கள் தளர்வாகக் கிடக்கும். சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் அந்த நார்களை இழுத்துக்கொண்டு ஓடும். அவை இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சிக்கிச் சுற்றி, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் சங்கிலியை நிறுத்திவிடும். அதாவது அது ரம்பத்தைத் தடுப்பதில்லை, மூச்சடைக்க வைக்கிறது. சர்வதேசத் தரம் இதைச் சங்கிலி வேகத்தால் பிரிக்கிறது. முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், இரண்டாம் வகுப்பு 24, மூன்றாம் வகுப்பு 28. குளிர்நாட்டுக் காடுகளில் வளர்ந்த ஏற்பாடு இது. நம் ஊர் வெயிலில் வேகுது என்று அண்ணன் சொன்னது சாக்கு இல்லை. முன்புறம் மட்டும் மூடி, பின்னால் வாரால் கட்டும் வகை கொஞ்சம் தேவலை.

சட்டம் என்ன சொல்கிறது? 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று பட்டியல் வைத்திருந்தது. கால் போன பிறகு பேசும் சட்டம் அது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம்தான் கால் இருக்கும்போதே பேசியது. அதன் 24ஆம் பிரிவு, கொடுத்த காப்பை அணிவது தொழிலாளியின் கடமை என்கிறது. 26ஆம் பிரிவு, சட்டப்படி கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் முதலாளிக்கான அபராதத்தின் உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. அதே ஆண்டு மே 7இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. அதன்பின் கோலாலம்பூரில் வயதான மரங்களைப் பற்றிய கவலை கூடியது. கவலை கூடினால் செயின்சோ வேலையும் கூடும். கீழே நிற்பவர்களின் தலையைப் பற்றிப் பேசினோம். மரம் அறுப்பவரின் காலைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அண்ணனிடம் 26ஆம் பிரிவைச் சொன்னேன். சிரித்தார். "சொன்னா நாளைக்கு வேலை இருக்குமா தம்பி?"

பிறகு லாரியிலிருந்து அந்தப் பேண்டை எடுத்துக் காட்டினார். இடது தொடையில் ஒரு நீண்ட கிழிசல். அதன்மேல் நெருக்கமான மிஷின் தையல், குறுக்கும் நெடுக்குமாக. "வீட்டுல தச்சுக் குடுத்தாங்க. புதுசு மாதிரி இல்ல?"

உண்மையில் மிக நேர்த்தியான தையல். ஆனால் தையல் விழுந்த இடத்தில் நார்கள் அசைய முடியாது. அசையாத நாரைச் சங்கிலி இழுக்காது, வெட்டிக்கொண்டு போய்விடும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அவர் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப இது வெறும் பேண்டுதானா?"

ஆமாம் என்றேன். மடித்து லாரியில் போட்டுவிட்டுச் செயின்சோவை இழுத்து உயிர்ப்பித்தார். இந்த முறை இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து நின்றார்.