தந்தைக்குச் சாட்டை, மைந்தனுக்குப் பட்டம்

மதம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று சொல்லுகிறார்கள். சொல்லுவது எளிது. வீட்டிலே ஒருவன் மதம் மாறட்டும். அது யார் யாரைப் பொறுத்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்! தாய் கண்ணீர் வடிக்கிறாள். தந்தை தலைமுழுகிவிட்டேன் என்கிறார். தமையன் பாகப் பத்திரத்தைத் தேடி எடுக்கிறான். மாமனார் வீட்டில் பெண்ணை அனுப்ப மறுக்கிறார்கள். ஒருவன் மனத்திலே நேர்ந்த மாற்றத்துக்காக ஒரு குடும்பமே குருதிச் சண்டைக்கு ஆயத்தமாகிறது. ஏன்?

மூலக்குளத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. நமக்குக் கிழக்கே புதுவை நகரம்; மேற்கே வில்லியனூர். அந்த வில்லியனூரிலே திருக்காமீசுவரர் தேரும் ஓடுகிறது, லூர்து மாதாவின் தேரும் ஓடுகிறது. ஓர் ஊரின் வீதிகள் இரண்டு தேர்களைத் தாங்கிக்கொள்கின்றன. ஒரு வீட்டின் திண்ணை இரண்டு மதங்களைத் தாங்க மறுக்கிறது! தாய் செபக்கூட்டத்துக்குப் போகிறாள். தந்தை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார். இடையிலே நிற்கும் பிள்ளை, பள்ளிப் பதிவேட்டில் மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நம் முகத்தைப் பார்க்கிறான். பன்னிரண்டு வயதுப் பாலகன் பதில் சொல்ல வேண்டிய கேள்வியா அது?

இச்சண்டையை ஆண்டவனுக்கும் ஆண்டவனுக்கும் நடக்கும் போர் என்று எண்ணுவோர் பலர். புதுவையின் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் உண்மை வேறாகத் தெரியும். அங்கே வேதம் முன்னால் நிற்கும். பின்னால் பதவி நிற்கும், சொத்து நிற்கும், சாதி நிற்கும்.

நயினியப்பர் வழக்கு

பிரஞ்சுக் கம்பெனியின் ஆட்சியில் புதுவையிலே தலைமைத் தரகர் பதவி என்பது சாமானியமானதன்று. துணி வாங்குவதும், நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பதும், சுற்றுப்புறச் சிற்றரசரோடு பேசுவதும், ஊராருக்கும் கவர்னருக்கும் நடுவே நிற்பதும் அவர் வேலை. 1708-இல் அப்பதவிக்கு வந்தவர் நயினியப்ப பிள்ளை. வணிகர், செல்வர், சைவ வைணவக் கோயில்களின் உலகைச் சார்ந்தவர், கிறித்தவர் அல்லர்.

அதுதான் ஏசு சபைப் பாதிரிமார்களின் கண்ணை உறுத்தியது. கிறித்தவ அரசின் தலைமைத் தரகர் கிறித்தவராகவே இருக்க வேண்டும், இல்லையேல் மாற வேண்டும் என்றனர். தொழிலில் அவர் குறை வைத்தாரா என்பது அவர்களுடைய முதற்கேள்வியன்று. எந்தத் தேவனைத் தொழுகிறார் என்பதே கேள்வி! கிறித்தவ ஏழைகளுக்கு அவர் விருந்திட்டுச் செபமாலைகள் வழங்கியதைக்கூடப் பாதிரிமார்கள் குற்றமாகப் பேசினர். கொடுக்காதவன் பாவி என்பது வேதம். கொடுத்தவனும் பாவி என்பது அன்றைய அரசியல்.

1716-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவர்னர் எபேர் ஆணையால் நயினியப்பர் சிறைப்பட்டார். கலகம் தூண்டினார், ஊரைக் கொடுமைப்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுகள். விசாரணையின் மொழிபெயர்ப்பாளர் யார்? பாதிரிமார்களின் உபதேசியாருடைய மகன்! தமிழ் மக்கள் சொன்ன சாட்சியம் பிரஞ்சு மொழியில் எழுதப்பட்டது. படிக்கத் தெரியாத ஏட்டின் கீழே தமிழிலே கையொப்பம் இட்டனர் சாட்சிகள். அவ்வாண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கடைவீதியிலே மக்கள் காண 50 சாட்டையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம், பிறகு நாடுகடத்தல். தந்தையோடு நின்றதா தண்டனை? மைந்தர்களும் ஊரைவிட்டு விலக்கப்பட்டனர். 1717-இல் சிறையிலேயே மாண்டார் நயினியப்பர். அவர் இருந்த இடத்தில் கனகராயர் என்னும் பெத்ரோ அமர்த்தப்பட்டார். அவர் கிறித்தவர்.

ஆனால் இதிலிருந்து கிறித்தவர் அனைவரும் கொடியவர் என்று முடிவு கட்டுவோமானால் நாமும் அந்தப் பாதிரிமார்களின் வழியிலேயே நடந்தவர்களாவோம். நயினியப்பர் குடும்பத்துக்காகப் பிரான்சிலே வாதாடியவர்கள் யார்? ஏசு சபையோடு பகைகொண்டிருந்த வேறொரு கத்தோலிக்கச் சபையாரும், சென் மாலோ நகரத்து வணிகரும்! அவர்களும் கிறித்தவர்களே. எனவே சண்டை சிலுவைக்கும் திருநீற்றுக்கும் இடையே நடந்தது அன்று. அதிகாரம் எந்தக் கையில் இருப்பது என்பதே வழக்கு. முறையீடுகள் பயன் தந்தன. எபேர் பதவியிழந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். தண்டனை தவறானது என்று நீக்கப்பட்டது. நீக்கப்பட்டு என்ன? சாட்டையடி பட்ட முதுகு சுடுகாட்டில் சாம்பலாகிவிட்டது.

மைந்தன் கண்ட வழி

நயினியப்பரின் மூத்த மகன் குருவப்பர். தந்தைக்கு நேர்ந்த அநீதியை எடுத்துரைக்கக் கடல் கடந்து பாரிசு சென்றார். 1721-இல் அந்நகரிலே ஞானநீர் பெற்றுக் கிறித்தவரானார். ஞானத் தந்தையாக நின்றவர் பிரான்சை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஓர்லேயான் கோமகன். சார்ல் பிலீப் லூயி என்ற பெயர் சூட்டப்பட்டது. புனித மிக்கேல் சங்கத்தின் செவாலியே பட்டமும் தரப்பட்டது. 1722-இல் புதுவை திரும்பியவர், தந்தை இழந்த அதே பதவியில் அமர்ந்தார். கனகராயர் விலக்கப்பட்டார்.

வாசகர்களே, நின்று சிந்தியுங்கள். தந்தை எந்தக் காரணத்தால் வீழ்ந்தாரோ அந்தக் காரணத்தை நீக்கிக்கொண்டு மகன் எழுந்தார். குருவப்பரைக் கோழை என்று ஏசுவோரும் உண்டு. அறிவாளி என்று போற்றுவோரும் உண்டு. நாம் இரண்டும் சொல்லோம். அவருடைய உள்ளத்திலே உண்மையான நம்பிக்கை பிறந்திருக்கலாம், குடும்ப மானத்தை மீட்கும் வேட்கை இருந்திருக்கலாம், இரண்டும் கலந்திருக்கலாம். நாம் கேட்பது வேறு கேள்வி: நம்பிக்கையைச் சோற்றோடு பிணைத்துவிட்டால், ஒருவன் மனமார மாறினானா, வயிறார மாறினானா என்று எந்தத் தராசில் நிறுப்பது? மாறியவனே அறிய மாட்டானே! உண்மையாக நம்புகிறவனுக்கும் அது இழிவு. நம்பாமல் மாறுகிறவனுக்கும் அது இழிவு. மதத்தைக் காக்க எண்ணிப் பதவியைத் தூண்டிலாக்கியவர்கள், மதத்தின் மதிப்பையே தூண்டில் புழுவாக்கிவிட்டார்கள்.

1724-இல் குருவப்பர் மாண்டார். பதவி மீண்டும் கனகராயருக்குச் சென்றது. 1746-இல் கனகராயர் மறைந்தபின் அவ்விடத்துக்கு முயன்றவர் நயினியப்பரின் மைத்துனர் மகனான ஆனந்தரங்க பிள்ளை. அவரும் கிறித்தவர் அல்லர் என்ற பழைய பல்லவி பாடப்பட்டது. ஆயினும் கவர்னர் துய்ப்ளேக்கு அவருடைய திறமை தேவைப்பட்டது. மதம் மாறாமலே தலைமைத் துபாசியானார். முப்பதாண்டுகளில் வேதம் மாறவில்லை. தேவை மாறிற்று, விதி வளைந்தது!

கிறித்தவ வீட்டில் யார் சட்டம்?

குடும்பம் முழுதும் ஒரே மதமானால் சண்டை தீருமா? அதற்கும் விடை புதுவையிலேயே இருக்கிறது. கனகராயர் வீடு முழுவதும் கிறித்தவ வீடு. அவருடைய ஒரே மகன் முன்னரே இறந்துவிட்டான். 1746-இல் அவர் இறந்ததும் சொத்து யாருக்கு என்று மனைவிக்கும் தம்பிக்கும் வழக்கு எழுந்தது. எந்த வேதத்தைப் புரட்டினார்கள்? எந்த வேதத்தையும் இல்லை! ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி நாட்டு வழக்கம் என்னவென்று கேட்டார்கள். தம்பிக்கே சொத்து, கணவனை இழந்த பெண்களுக்குப் பராமரிப்பு என்று முடிந்தது. ஞானநீர் தலையை நனைத்தது. பெண்ணுக்குச் சொத்தில்லை என்னும் பழைய வழக்கத்தின் மேல் ஒரு துளியும் படவில்லை.

சாதியும் அப்படியே. ஏசு சபைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறித்தவர் ஒரு புறம், மற்றவர் மறு புறம். 1745-இல் ஒடுக்கப்பட்ட மக்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். இச்செய்தியை ஆனந்தரங்கர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே தேவனின் பிள்ளைகள் என்று பாடியவர்கள், ஒரே தரையில் முழந்தாளிடச் சொன்னதும் சினங்கொண்டார்கள். அப்படிப்பட்ட இன்னொரு தடுப்பு, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1910 வரை நின்றது என்றால் சாதியின் ஆயுளை என்னென்பது!

1819-இல் பிரஞ்சு அரசு சட்டமாகவே எழுதிவிட்டது: இந்தியர் கிறித்தவராயினும், இசுலாமியராயினும், இந்துவாயினும் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு என்று. மதம் மாறலாம், சாதி மாறாது என்பதற்கு அரசாங்க முத்திரை! எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை சிறிது நகர்ந்தது. மதம் மாறியவனுக்கும் சாதியிலிருந்து விலக்கப்பட்டவனுக்கும் பிதுரார்ச்சிதச் சொத்து போகாது என்று 1850-இல் சட்டம் வந்தது. சென்னையிலும் கல்கத்தாவிலும் வைதிகப் பெரியவர்கள் எதிர்த்து மனுக் கொடுத்தனர். மகனை இழந்த வருத்தத்தைவிட, மகனுக்குப் பங்கு தர வேண்டுமே என்ற வருத்தம் அவர்களுக்குப் பெரிதாயிற்று.

புதுவையில் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஒரு கதவு திறந்தது. சாதி வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்துக் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்பவர் பிரஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது ஆணை. காலணியோடு நீதிமன்றம் ஏறியதற்காக 1873-இல் தண்டிக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னோடி. அவர் சூட்டிக்கொண்ட பெயர் லபோர்த். பிரஞ்சில் கதவு என்று பொருள். கிறித்தவரிலும் ஒடுக்கப்பட்டோரிலும் பலர் அக்கதவு வழியே நுழைந்தனர். ஆணும் பெண்ணும் சமமாகப் பெற்றோர் சொத்தைப் பெறும் உரிமை அங்கே கிடைத்தது. வைதிகத் தரப்புக்குத் தலைமை தாங்கிய நாடு சண்முக வேலாயுத முதலியார் இதை எதிர்த்து நின்றார்.

ஆனால் அக்கதவிலும் ஒரு குறை. கணவன் துறந்தால் மனைவியும் துறந்தவளாகக் கருதப்பட்டாள். அவள் கையொப்பம் வேண்டியதில்லை. அவனுக்கு விடுதலை; அவளுக்கு இடமாற்றம்.

இன்றைய வீட்டுக்கு வருவோம்

300 ஆண்டுகள் ஓடிவிட்டன. பழைய தூண்டில் போய்விட்டதா? 1716-இல் கிறித்தவனாகாதவனுக்குப் பதவி இல்லை என்றார்கள். 1950-இல் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணை, கிறித்தவனான தாழ்த்தப்பட்டவனுக்கு அட்டவணைச் சாதி உரிமை இல்லை என்கிறது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் தளர்ந்த அந்த விதி கிறித்தவருக்குத் தளரவில்லை. சேரியிலே குடிசை மாறவில்லை, சுடுகாடு மாறவில்லை, இழிசொல் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது! தாயின் செபமாலை மகனின் கல்லூரி இடத்தைப் பறிக்கும் என்று தந்தை அஞ்சுகிறார். அந்த அச்சம் வீட்டிலே மதச்சண்டையாக வெடிக்கிறது. முன்னே நாம் சொன்ன பதிவேட்டுக் கட்டத்தின் முன் அந்தப் பிள்ளை விழிப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

ஆகவே தோழர்களே, இத்தகைய வீட்டுக்குள் நீங்கள் நிற்க நேர்ந்தால், எந்தத் தேவன் மெய் என்று முதலில் வாதாடாதீர்கள். அவ்வாதத்துக்கு வாழ்நாள் இருக்கிறது. முதலில் முடிச்சுகளை அவிழுங்கள். மதம் மாறிய தங்கையின் பங்கை மறுக்காதீர்கள்; மதம் மாறாத தாயின் விளக்கை அணைக்காதீர்கள். கணவன் மாறினான் என்பதற்காக மனைவியை இழுத்துச் செல்ல விடாதீர்கள். காதலிக்கும் இருவரில் ஒருவரை மணத்துக்காக மதம் மாறச் சொன்னால், 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். இருவரும் இருந்தபடியே இணையலாம். பிள்ளை வளர்ந்து தானே தேரட்டும் என்று பெற்றோரிடம் பேசுங்கள். எதையும் நம்பாமல் இருக்கும் உரிமையும் அத்தேர்வில் அடக்கம் என்பதை மறவாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

பகுத்தறிவாளன் வீட்டில் நான்காவது மதக்காரனாக நின்று இன்னொரு சண்டை வளர்ப்பவன் அல்லன். நம்பிக்கையைச் சோற்றிலிருந்தும், சொத்திலிருந்தும், சாதியிலிருந்தும் பிரித்து வைப்பவன் அவன். அப்படிப் பிரித்துவிட்டால் எஞ்சுவது ஒரு கருத்து வேற்றுமை. கருத்து வேற்றுமைக்காக எவரும் மகனைத் தலைமுழுகுவதில்லை. இருவரும் உண்டு முடித்துப் பேசிக்கொண்டே கை கழுவலாம்.

நயினியப்பரின் முதுகில் விழுந்த அடிகளை எண்ணிப் பார்ப்பது பழி தீர்க்க அன்று. எந்தக் கையிலும், எந்தத் தேவன் பெயராலும் அந்தச் சாட்டை மீண்டும் ஏறக் கூடாது என்பதற்காக! வீட்டுக்குள் விழும் சாட்டைக்கு ஓசை குறைவு, வலி குறைவன்று.