நம்ம ஊருக்கு நாமே ஒரு செய்தித் தளம்... தொடங்குவது எப்படி? ஆள், பணம், சட்டம் - முழு விளக்கம்

2015 டிசம்பர் 2. சென்னை வெள்ளத்தில் மிதந்த நாள். 1878-ல் தொடங்கப்பட்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. அந்த நாளிதழின் வரலாற்றில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை.

ஆனால் செய்தி நிற்கவில்லை. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, படகு எங்கே தேவை... எல்லாவற்றையும் மக்களே எழுதினார்கள். தண்ணீர் தேங்கிய தெருக்களை ஆன்லைன் வரைபடத்தில் குறித்தார்கள். வெளியூர் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் இங்கிருந்த அப்பா அம்மாவுக்கு உதவி அனுப்பினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் அந்தப் பக்கங்கள் பலவும் அடங்கிவிட்டன. வெள்ளம் இல்லாத நாட்களிலும் இதேபோல மக்களே தகவல் தரும் ஒரு செய்தித் தளத்தை நடத்த முடியுமா? முடியும். எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கே, இது எதுக்கு?

நல்ல கேள்வி. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வரும், ஆனால் தங்காது. காலையில் வந்த மின்தடை அறிவிப்பு, மதியத்துக்குள் நூறு 'குட் மார்னிங்' படங்களுக்குக் கீழே போய்விடும். போன வருடம் கவுன்சிலர் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று தேடினால் கிடைக்காது. முக்கியமாக, வந்த தகவல் உண்மையா என்று சரிபார்க்க அங்கே யாருக்கும் பொறுப்பு கிடையாது.

மக்கள் செய்தித் தளத்தில் தகவல் மக்களிடமிருந்து வரும். ஆனால் ஓர் ஆசிரியர் அதைச் சரிபார்த்த பிறகுதான் வெளியாகும். தவறு என்றால் திருத்தப்படும். பழைய செய்தியைத் தேடினால் கிடைக்கும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது பெரிய வித்தியாசம்.

இதற்கு முன்னால் யார் செய்திருக்கிறார்கள்?

ஓ மை நியூஸ், தென் கொரியா: 2000 பிப்ரவரியில், 'ஒவ்வொரு குடிமகனும் ஒரு செய்தியாளர்' என்ற முழக்கத்தோடு 727 பேரை வைத்துத் தொடங்கப்பட்டது. இல்லத்தரசி, ஆசிரியர், மாணவர் என யார் வேண்டுமானாலும் எழுதலாம். அலுவலகத்தில் இருந்த ஆசிரியர் குழு சரிபார்த்து வெளியிட்டது. எழுதியவர்களுக்குச் சிறிய தொகையும் கிடைத்தது.

சிஜிநெட் ஸ்வரா, சத்தீஸ்கர்: 2010-ல் தொடங்கியது. இன்டர்நெட் இல்லாத பழங்குடி கிராம மக்கள், சாதாரண போனில் அழைத்துத் தங்கள் செய்தியைப் பதிவு செய்வார்கள். சரிபார்த்த பிறகு மற்றவர்கள் போனிலேயே அதைக் கேட்கலாம். சம்பந்தப்பட்ட அதிகாரியின் நம்பரையும் சேர்த்துச் சொல்வார்கள், கேட்பவர்கள் அவருக்கே போன் செய்வதற்காக.

சிட்டிசன் மேட்டர்ஸ்: 2008-ல் பெங்களூருவில் தொடங்கியது, பிறகு சென்னைக்கும் வந்தது. குப்பை, ஏரி, பஸ், மாநகராட்சி பட்ஜெட் போன்ற நகரப் பிரச்னைகளைச் செய்தியாளர்களோடு சேர்ந்து குடியிருப்பவர்களும் எழுதுகிறார்கள்.

பிரிஸ்டல் கேபிள், இங்கிலாந்து: 2014-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம். மாதாமாதம் பணம் கட்டும் வாசகர்கள்தான் உரிமையாளர்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு.

சிகாகோவின் சிட்டி பீரோ: பொதுமக்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு அனுப்பிக் குறிப்பெடுக்க வைக்கிறது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. தகவல் தருவது மக்கள். வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பொறுப்பான ஓர் ஆசிரியர் குழு.

முதல் படி: சின்னதாகத் தொடங்குங்கள்

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். மதுரையிலும் கோவையிலும் தலா 100. முதல் நாளே மொத்த நகரத்தையும் எடுத்துக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். நான்கைந்து வார்டுகள், அல்லது ஒரே ஒரு ஏரியா போதும். மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற ஏரியா பத்திரிகைகள் பல வருடங்களாக ஓடுவதற்குக் காரணமே, எல்லையைத் தாண்டாமல் இருப்பதுதான்.

என்ன செய்தி போடலாம்? பெரிய ஊடகங்கள் தொடாதவை:

* மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தில் உங்கள் வார்டுக்கு நிறைவேறிய தீர்மானங்கள்
* வார்டு குழு, ஏரியா சபைக் கூட்டங்களில் மக்கள் கேட்டதும், கிடைத்த பதிலும்
* குடிநீர் வரும் நேரம், மாதாந்திர பராமரிப்பு மின்தடை, பஸ் ரூட் மாற்றம்
* ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி நிலவரம்
* திருவிழா நேரப் போக்குவரத்து மாற்றம், ரத்ததான முகாம், மரண அறிவிப்பு

'இதெல்லாம் ஒரு செய்தியா?' என்று தோன்றலாம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருப்பவருக்கு, லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதைவிடப் பெரிய செய்தி எதுவும் இல்லை.

எத்தனை பேர் வேண்டும்?

தொடங்க ஆறேழு பேர் போதும். ஆனால் வேலையைப் பிரிக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர்: எது வெளியாகலாம் என்ற கடைசி முடிவு இவருடையது. அனுபவமுள்ள செய்தியாளர் கிடைத்தால் நல்லது.

சரிபார்ப்பவர் ஒருவர்: போன் செய்து உறுதிப்படுத்துவது மட்டுமே இவர் வேலை. செய்தி எழுதியவரே சரிபார்க்கக் கூடாது.

வார்டு செய்தியாளர்கள்: வார்டுக்கு ஒருவர். ஓய்வு பெற்ற டீச்சர், டீக்கடைக்காரர், கல்லூரி மாணவி, ஆட்டோ ஓட்டுநர், சுய உதவிக் குழு அக்கா... ஊரில் நாலு பேரைத் தெரிந்தவராக இருந்தால் போதும். எழுத வராதவர் வாய்ஸ் நோட் அனுப்பட்டும், ஆசிரியர் எழுதிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. அபார்ட்மென்ட் சங்க ஆட்களை மட்டும் சேர்த்தால், அது அபார்ட்மென்ட் செய்தித் தளமாகத்தான் இருக்கும். குடிசைப் பகுதியும், மறுகுடியமர்வுக் குடியிருப்பும், தூய்மைப் பணியாளர்களும் அதே வார்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் குழுவில் இருக்கிறாரா என்று முதலிலேயே பாருங்கள்.

ஒரு புகார் எப்படிச் செய்தியாகிறது?

ஒரு உதாரணம் பார்க்கலாம். 'எங்க தெருவுல மழைநீர் வடிகாலுக்குக் குழி தோண்டிப் போட்டு நாலு மாசம் ஆச்சு, யாரும் கண்டுக்கல' என்று ஒருவர் போட்டோ அனுப்புகிறார். அப்படியே போட்டால் அது வெறும் புகார். செய்தியாக மாற்ற ஐந்து வேலைகள் இருக்கின்றன.

1. வார்டு செய்தியாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போட்டோ பழையதா, அதே தெருதானா என்று உறுதி செய்ய வேண்டும்.

2. அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் கேட்க வேண்டும். உண்மையிலேயே நாலு மாதமா, நாற்பது நாளா?

3. வேலையின் விவரத்தைத் தேட வேண்டும். ஒப்பந்தத் தொகை எவ்வளவு, முடிக்க வேண்டிய தேதி எது? அரசின் இணைய டெண்டர் தளத்திலேயே பல விவரங்கள் கிடைக்கும். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.

4. உதவிப் பொறியாளரிடமும் கவுன்சிலரிடமும் விளக்கம் கேட்க வேண்டும். பதில் சொல்லவில்லை என்றால், 'கேட்டோம், பதில் வரவில்லை' என்று எழுதலாம்.

5. செய்தி வெளியான பிறகு, 15 நாள் கழித்து மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். குழி மூடப்பட்டதா இல்லையா? இந்த ஐந்தாவது வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாசகர் உங்களை நம்புவது இங்கேதான்.

சரிபார்ப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

2018 மே மாதம் நடந்ததை மறக்க முடியாது. குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கும்பல், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டியை அடித்துக் கொன்றது. அவர் செய்த 'தவறு', வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அந்த மெசேஜை ஃபார்வேர்டு செய்தவர்களில் பலரும் 'ஊருக்கு நல்லது செய்கிறோம்' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உள்ளூர் செய்தியில் ஆபத்து கூடுதல். காரணம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'மூன்றாவது தெருவில் ஒரு கடைக்காரர்' என்று எழுதினாலே யார் என்று புரிந்துவிடும். அதனால் சில விதிகளை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்:

* ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் வெளியிடக் கூடாது
* குற்றச்சாட்டு என்றால் எதிர்த் தரப்பிடம் கேட்காமல் போடக் கூடாது
* 'திருடன்', 'கடத்தல்காரன்' என்று ஒருவரின் போட்டோவை வெளியிடவே கூடாது
* தவறு நடந்தால் சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது; எது தவறு, எப்போது திருத்தினோம் என்று அதே பக்கத்தில் சொல்ல வேண்டும்

டெக்னாலஜி: நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை

வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளே போதும். டொமைன் பெயரும் சர்வர் இடமும் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டி வாங்க வேண்டும். கவனிக்க வேண்டியவை வேறு. பக்கம் விலை குறைந்த போனிலும் சட்டென்று திறக்க வேண்டும். எழுத்து யூனிகோடு தமிழில் இருக்க வேண்டும். பழைய ஃபான்டில் டைப் செய்தாலோ, செய்தியை வெறும் படமாகப் போட்டாலோ கூகுளில் தேடினால் கிடைக்காது. தகவல் அனுப்ப ஒரு எளிய படிவமும், ஒரு வாட்ஸ்அப் நம்பரும் வேண்டும்.

டொமைனை ஒரு தனிநபர் பெயரில் வாங்காமல் டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில் வாங்குவது நல்லது. நாளைக்கு அவர் விலகினாலும் தளம் ஊரிடமே இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும்?

பல தளங்கள் மூச்சு விடும் இடம் இதுதான். ஆர்வத்தில் ஆறு மாதம் ஓடலாம், அதற்கு மேல் யாராவது ஒருவருக்காவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

உறுப்பினர் கட்டணம்: ஒரு கணக்குப் போடுவோம். 300 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 15,000 ரூபாய். ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு அது ஒரு தொடக்கம்.

உள்ளூர் விளம்பரம்: மளிகைக் கடை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம். ஆனால் விளம்பரம் என்றால் 'விளம்பரம்' என்று தெளிவாகப் போட வேண்டும்.

நன்கொடை: யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தளத்திலேயே வெளியிடுங்கள்.

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் வருவார்கள். 'கவர்' வரும். வாங்கிய அன்றே தளத்தின் கதை முடிந்தது. வெளியூர் வாசகருக்குத் தெரியாமல் போகலாம், உள்ளூரில் மறுநாள் காலை டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் செய்தித் தளங்களுக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலரை நியமித்து, வரும் புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. இந்த விதிகளின் சில பகுதிகளுக்கு பாம்பே உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. எனவே தொடங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
* அவதூறு: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 'வாசகர்தான் எழுதினார், எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிப்பது கடினம். தேர்ந்தெடுத்து வெளியிட்டது நீங்கள்.
* பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவர்கள், போக்சோ வழக்குகளில் தொடர்புடைய குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பெயர் மட்டுமல்ல, பள்ளி, தெரு, பெற்றோர் விவரம் எதுவும் கூடாது.
* அடுத்தவர் எடுத்த போட்டோ, வீடியோவை அனுமதி இல்லாமல் போடக் கூடாது.

தகவல் கொடுத்தவரின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். மணல், ஆக்கிரமிப்பு, கந்துவட்டி போன்ற செய்திகளில் அவர் பெயரை வெளியிடாதீர்கள். அவர் போன் நம்பரைப் பலர் பார்க்கும் குரூப்பில் வைக்காதீர்கள்.

முதல் 90 நாளில் என்ன செய்யலாம்?

முதல் மாதம்: எதையும் வெளியிட வேண்டாம். ஏரியாவைச் சுற்றி வந்து, மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று கேளுங்கள். குழுவைச் சேர்த்து, விதிகளை எழுதுங்கள்.

இரண்டாவது மாதம்: வாரம் மூன்று செய்தி போதும். ஒன்று பயனுள்ள தகவல், ஒன்று பிரச்னை, ஒன்று உள்ளூர் மனிதர் பற்றியது.

மூன்றாவது மாதம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர்களை நேரில் கூப்பிடுங்கள். எது பிடித்தது, எது தவறு என்று திட்டச் சொல்லுங்கள். அங்கே வருபவர்களிலிருந்துதான் உங்கள் அடுத்த வார்டு செய்தியாளரும் முதல் உறுப்பினரும் கிடைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு தளம் வந்ததால் மட்டும் தெருவில் குழி மூடாது. ஆனால் அந்தக் குழிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, முடிக்க வேண்டிய தேதி எது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், ஏரியா சபையில் எழுந்து கேள்வி கேட்பவர் தனி ஆளாக நிற்க மாட்டார். அடுத்த மழைக்கு முன்னால் அது நடந்தால் போதும்.