துர்காவும் விசாரணைக் குழுவும்

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதிப் பழகிவிட்டோம். எது கண்டுபிடிப்பு என்று தீர்ப்புச் சொல்கிறவர் யார், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வரலாறு வேறாகிவிடும். கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் கதை இந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் லூயி பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த முதல் குழந்தை. பத்தே வாரம் கழித்து, அக்டோபர் 3இல், கல்கத்தாவில் இன்னொரு பெண் குழந்தை. பூஜைக் காலம். துர்கா என்ற பெயரில்தான் உலகம் அவளை அறிந்தது.

எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ செய்ததன் நகல் அல்ல இது. அவர்கள் இயல்பான மாதச் சுழற்சியில் விளைந்த ஒற்றைக் கருமுட்டையை லேப்ராஸ்கோப் வழியாக எடுத்தார்கள். சுபாஷ் ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகளை விளையவைத்தார். லேப்ராஸ்கோப் இல்லாமல், யோனி வழியே சிறு கீறலிட்டு எடுத்தார். ஹார்மோன் ஏற்றிய அந்த மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்காது என்பதால் கருவை உறையவைத்து, பிந்தைய சுழற்சி ஒன்றில் உள்ளே வைத்தார். உறைவித்தலைப் பார்த்துக்கொண்டவர் சுனித் முகர்ஜி. மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக மெல்போர்னிலிருந்து செய்தி வந்தது 1984இல்தான். இன்றைக்கு எங்கும் அன்றாடமாகிவிட்ட முறை இது.

அரசு என்ன செய்தது? 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழு போட்டது. தலைவர், ரேடியோ இயற்பியல் பேராசிரியர். செயற்கைக் கருத்தரிப்பில் அனுபவமுள்ளவர் குழுவில் ஒருத்தருமில்லை. சுபாஷ் சொல்வது நம்பத்தகுந்ததல்ல என்று தீர்ப்பானது. 1979இல் ஜப்பானில் பேச அழைப்பு வந்தபோது அனுமதி மறுத்தார்கள். 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு மாற்றல். ஹார்மோன் ஆய்வில் எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றவருக்குக் கண் ஆஸ்பத்திரி! அந்த ஜூன் 19இல் தற்கொலை செய்துகொண்டார்.

அப்போது அங்கே ஆட்சியிலிருந்தது இடது முன்னணி. இதை நம்மில் பலர் பேசத் தயங்குகிறோம். கொடியின் நிறம் மாறினாலும் கோப்பின் நிறம் மாறுவதில்லை. சந்தேகப்படுவது அறிவியலின் உரிமை. அவர் வெளியிட்டிருந்த தகவல்களும் குறைவுதான். ஆனால் சந்தேகத்துக்குப் பதில் இன்னொரு சோதனை, மாற்றல் உத்தரவு அல்ல. லண்டனிலிருந்து வந்திருந்தால் இவ்வளவு கேட்டிருப்பார்களா என்றும் தோணுகிறது.

1986 ஆகஸ்ட் 6இல் பம்பாயில் ஹர்ஷா பிறந்தாள். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அதிகாரபூர்வமாக எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிறப்புக்குப் பின்னிருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார். சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் கைக்குக் கிடைத்ததும் படித்துப் பார்த்து, முதல்வன் நானில்லை, அவர்தான் என்று 1997இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். அபூர்வமான நேர்மை. ஆனாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது: செத்தவர் சொன்னது உண்மையாக, அதிகாரமுள்ள இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

இந்த வழக்கில் யாரும் பேசாத ஒருத்தி உண்டு. துர்காவின் தாய். கருக்குழாய் பழுதானவள். குடும்பம் தன் பெயரை வெளியே சொல்லப் பயந்தது. 2003இல் இருபத்தைந்து வயதான மகள்தான் வெளியே வந்து பேசினாள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பிள்ளையில்லாதவளை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாத சமூகத்திடமிருந்து. குழு அந்த மௌனத்தைச் சாட்சியமின்மை என்று வாசித்தது. தீர்ப்பு வாங்கியவர் சுபாஷ். 1978க்கும் 1986க்கும் இடையிலான எட்டு வருஷம் மலடி என்ற சொல்லோடு வாழ்ந்த பெண்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. அவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் குழுவும் எண்ணவில்லை.