பூனையின் புற்றுநோய் நமக்கு ஒட்டுமா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் வீட்டுப் பூனைக்கு 12 வயது. சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வயிற்றில் கட்டி. சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர், குடலில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார். "பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும், எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுன்னு மாமியார் சொல்றாங்க சார்" என்று அழுதாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அறுபது வருடங்களுக்கு முன்பு விஞ்ஞானிகளுக்கே வந்த சந்தேகம்தான் அது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் இருந்தார். உள்ளூர் கால்நடை மருத்துவர் ஒருவர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார். நிறையப் பூனைகள் வளரும் ஒரு வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பூனைகளுக்கு இதே புற்றுநோய் வருகிறதாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஜாரெட் அதைத் தள்ளிவிடவில்லை. கட்டியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வைரஸ் போன்ற துகள்கள் தெரிந்தன. 1964-ல் அவரும் உடன் உழைத்தவர்களும் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். அதுதான் பூனை லுகேமியா வைரஸ்.

1973-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹார்டி குழுவினர் இரத்தப் பரிசோதனை மூலம், இது பூனைக்குப் பூனை பரவுவதை உறுதிசெய்தனர். எச்சில், ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் தின்பது, தாயிடமிருந்து குட்டிக்கு என்று பல வழிகள். அப்படியானால் மனிதருக்கு? பூனை வளர்ப்பவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் பல ஆய்வுகளில் சோதித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை.

பரிசோதனை வந்தது, நோயுள்ள பூனையைத் தனியே வைத்தார்கள். 1985-ல் அமெரிக்காவில் தடுப்பூசியும் வந்தது. அதன்பின் அந்த நாடுகளில் இளம் பூனைகளின் மார்புக்குள் வரும் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. இன்று அங்கே அதிகம் காண்பது வயதான பூனைகளின் குடல் கட்டி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வைரஸ் பரிசோதனையில் இல்லை என்றே வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புற்றுநோயோடு நோய் எதிர்ப்புச் சக்தியையும் அழிக்கும் இந்தப் பூனை வைரஸை ஆராய்ந்தவர் ஹார்வர்டின் மேக்ஸ் எசெக்ஸ். எய்ட்ஸ் தலைகாட்டியபோது, இதுவும் அதே இன வைரஸாக இருக்கலாம் என்று முதலில் ஐயப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1983-ல் பாரிஸில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. பூனைகளிடம் படித்த பாடம் மனிதர்களுக்கு உதவியது.

ஆகவே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "பூனையை விரட்டாதே அம்மா. பிள்ளைகளுக்கு ஒட்டாது. மெதுவாக வளரும் வகை என்றால், மாத்திரையிலேயே ஓராண்டு, இரண்டாண்டு நன்றாக இருக்கும் பூனைகள் உண்டு. புற்றுநோய் மாத்திரை கொடுக்கும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள். பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்."

மாமியாரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவரிடமும் பேசினேன். "வாத்தியாரே சொன்னா சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை அதன் எடையைப் பாருங்கள். இளைத்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.