தேவாலாவின் தங்கமும் பாதரசமும்

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரைத் தாண்டினால் தேவாலாவும் பந்தலூரும் வரும். ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன் எடுக்கும் தொழில் இங்குள்ள பணியர், குறும்பர் மக்களிடம் வெகுகாலமாக இருந்தது. 1830களில் ஆங்கிலேயர் நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பித் தேடிப் பார்த்தார்கள். பெரிதாக எதுவும் தேறவில்லை.

ஆசை அடங்கவில்லை. 1874இல் தேவாலாவில் ஆல்ஃபா கம்பெனி கிளம்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து அரசு வரவழைத்த சுரங்க நிபுணர் பிராஃப் ஸ்மித் 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுத்ததும், லண்டன் பங்குச்சந்தையில் இந்த வயநாட்டுப் பகுதியின் தங்கம் பற்றிக்கொண்டது. கம்பெனிகள் டஜன் கணக்கில் முளைத்தன. காபியில் நொடித்திருந்த தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தை அந்தக் கம்பெனிகளிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தத் தங்கத்தில் லாபம் பார்த்தவர்கள் அநேகமாக அவர்கள்தான். சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன.

ஆனால் கைவிட்ட சுரங்கங்களுக்குள் ஆட்கள் இறங்குவது நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர் கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறினார்கள். தேயிலைக் கூலி போதாதவர்களில் சிலர் அனுமதியில்லாமல் குழி தோண்டப் போனார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு.

பொன் பிரிக்கும் முறை எளிதுதான். வெட்டியெடுத்த கல்லை மாவாகப் பொடித்து, தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் கனத்த வண்டலில் பாதரசம் ஊற்றிப் பிசைவார்கள். பாதரசம் பொன்துகளைக் கவ்விக்கொள்ளும். அதைத் துணியில் வைத்துப் பிழிந்தால் வெள்ளி நிறத்தில் ஒரு உருண்டை மிஞ்சும். அதைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய், மஞ்சள் பொட்டு ஒன்று நிற்கும்.

அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நுரையீரல் வழியே ரத்தத்தில் ஏறி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, ஈறு வீக்கம் என்று வெளிப்படும். அலசும்போது சிதறியது ஓடையில் சேரும். வண்டலில் உள்ள பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்க, மீன் வழியாக அது மனிதரை எட்டும்; அதிகம் பாதிக்கப்படுவது கருவிலிருக்கும் குழந்தை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் உலகம் கண்டது இந்த விஷத்தைத்தான், ஆனால் அங்கே அதைக் கடலில் விட்டது ரசாயன ஆலை. தங்கப் பாறையோடு கந்தகக் கனிமங்களும் சேர்ந்திருந்தால், பொடித்த கழிவிலிருந்து ஆர்செனிக்கும் காரீயமும் கசியலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. இந்தியக் குடிநீர்த் தரப்படி பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பந்தலூர்ப் பக்கத்து ஓடைகள் பல மேற்கே திரும்பி, புன்னப்புழை வழியாகக் கேரளத்தின் சாலியாற்றில் கலக்கின்றன. சாலியாற்றங்கரையில் இருக்கும் நிலம்பூரிலும் மணலில் பொன் அரிப்பவர்கள் உண்டு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய சிறு அளவிலான தங்கத் தொழிலிலிருந்தே வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது.