நூறு பவுண்டு மதிப்பிடப்பட்ட படிகக் கூஜா

2008 ஜனவரியில், இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியிலுள்ள ஒரு சிறு நகரில் ஏலம் ஒன்று நடைபெற்றது. ஏலப் பட்டியலில் ஒரு கூஜாவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மதுக் கூஜா என்று அதைக் குறித்து, 100 முதல் 200 பவுண்டு வரை போகலாம் என மதிப்பிட்டிருந்தனர். ஆனால் அது 2,20,000 பவுண்டுக்குப் போயிற்று. ஏலத்தில் ஒருவர் மட்டும் விலையை உயர்த்த இயலாது. விற்பவர் அறியாத ஒன்றைக் கேட்டவர்களுள் குறைந்தது இருவர் அறிந்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஃபாத்திமிகள் ஆண்ட எகிப்தில் உருவான கூஜா. ஃபாத்திமிகளோடு கொள்கையளவில் நமக்கு வேறுபாடு உண்டு. எனினும் அவர்கள் காலத்துக் கைவினைத் திறனை மறுப்பதற்கில்லை. 1047-இல் எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், கடைவீதியில் வல்லுநர்கள் படிகம் செதுக்குவதைக் கண்டதாகத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். ஒரே படிகக் கல்லைக் குடைந்து, சுவர் மெலியும் வரை தேய்த்து, வெளிப்புறத்தில் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்குவர். இறுதி நாளில் கை சற்றுப் பிசகினாலும் முழு உழைப்பும் வீண். இவ்வகைக் கூஜாக்கள் உலகில் ஏழு மட்டுமே அறியப்பட்டுள்ளன.

1060-களில் நைல் நதி பொய்த்துப் பஞ்சம் நேர்ந்தது. ஊதியம் பெறாத படையினர் கலீஃபா முஸ்தன்ஸிரின் கருவூலத்தைச் சூறையாடினர். அரண்மனைப் பொருள்கள் சிதறின. படிகப் பாத்திரங்கள் பல ஐரோப்பியத் தேவாலயங்களைச் சென்றடைந்தன.

அவ்வாறாயின், ஏல நிறுவனத்தார் ஏன் ஏமாந்தனர்? கூஜாவுக்குப் பொன்னும் எனாமலும் கொண்ட பூண்கள் இருந்தன. அவை 1854-இல் ஜான் வலான்தின் மொரேல் என்ற பிரெஞ்சுப் பொற்கலைஞர் செய்தவை. பூணின் வயதே பாத்திரத்தின் வயதாகக் கொள்ளப்பட்டது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இத்துறையின் முறை அந்நியமாகத் தோன்றாது. நாம் ஸனதையும் ஆராய்கிறோம், மத்னையும் ஆராய்கிறோம். தொல்பொருள் ஆய்வாளரும் அதையே செய்கிறார். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று ஆவணங்களைக் கொண்டு தொடரைத் தேடுகிறார். தொடர் அறுந்திருந்தால் பொருளையே வினவுகிறார். படிகம் மோஸ் அளவுகோலில் 7 கடினம் கொண்டது. கண்ணாடி அதனினும் மென்மையானது. படிகம் தொட்டால் குளிரும். கண்ணாடியில் காணப்படும் உருண்டைக் காற்றுக் குமிழ்கள் அதில் இரா. பின்னர், ஐயமற்ற ஒரு சான்றோடு ஒப்பிடுகிறார். வெனிஸ் நகரின் புனித மாற்கு தேவாலயத்திலுள்ள படிகக் கூஜாவில், 975 முதல் 996 வரை ஆண்ட கலீஃபா அல்-அஸீஸின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் உறுதியான அதுவே மற்றவற்றுக்கு உரைகல்.

முதல் விற்பனை பின்னர் ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், உரிய அடையாளத்துடன் லண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலம் விடப்பட்டு, 31 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோயிற்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. குறையை மறைக்கும் விற்பனையாளரைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்த எச்சரிக்கையை நம் பிள்ளைகளும் அறிவர். ஆனால், நிறையை அறிந்தும் மௌனம் காக்கும் வாங்குபவர் நிலை என்ன?

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். அவர்களுக்காகப் பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். ஜரீர் (ரலி) குதிரையைக் கண்டதும், இது அதனினும் மேலானது என்று உரிமையாளரிடமே கூறி, படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம்.

நம் இல்லங்களிலும் பாட்டனார் காலத்துப் பெட்டிகள் உள்ளன. அவற்றில் அரபுத்தமிழ்க் கையெழுத்துச் சுவடிகள் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் அறிந்தவரிடம் காட்டுவோம். நாமே அறிந்தவராக இருந்து, அறியாத ஒருவர் நம்மிடம் விற்க வந்தால், ஜரீர் (ரலி) அவர்களின் குதிரையை நினைவில் கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையைத் தந்தருள்வானாக.