கரகன் லேவாய: துறைமுகமாகிப்போன உப்பேரி

இலங்கையின் தென்கரை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பயணி, தங்காலைக்கு அப்பால் நிலத்தின் முகம் மாறுவதைக் காண்பார். தென்னந்தோப்புகள் குறைந்து முட்பற்றைகள் தோன்றும். காற்றில் உவர்ப்பு ஏறும். அம்பாந்தோட்டையை நெருங்கும்போது, வெண்மையாக விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்புகள் கண்ணைக் கூசவைக்கும். சிங்களத்தில் இவற்றை ‘லேவாய’ என்பர். மனிதன் பாத்தி கட்டுவதற்கு முன்பே இயற்கை தானாக உப்பு விளைவித்த ஆழமற்ற ஏரிகள் இவை.

இவற்றின் செயற்பாடு எளிமையானது. மழைக்காலத்தில் ஏரி நிரம்புகிறது. கடலின் உவர்நீரும் அதனோடு கலக்கிறது. பின்னர் வரும் வறண்ட மாதங்களில் கடும் வெயிலும் ஓயாத காற்றும் நீரைக் குடித்துவிட, ஏரியின் அடியில் உப்பு படிகிறது. மழை முந்திவிட்டால் ஒரே இரவில் அந்த விளைச்சல் முழுவதும் கரைந்துவிடும்.

நான் முதன்முதலில் அங்கு சென்றது 1994ஆம் ஆண்டில், பத்திரிகைப் பணி நிமித்தமாக. மகா லேவாயவின் கரையில் மலாயர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு முதியவரைச் சந்தித்தேன். சிறு வயதிலிருந்தே உப்பு அள்ளியவர். நான் தமிழன் என்று அறிந்ததும் தமிழிலேயே பேசினார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். உப்பு தின்ற வெடிப்புகள் வரப்புகள்போல் ஓடின. “ஊரெல்லாம் மழைக்குத் துஆ கேட்கும், தம்பி. நாங்கள் மட்டும் வெயிலுக்குக் கேட்போம்” என்றார்.

அந்த வெயிலின் விளைச்சலுக்காக அரசுகள் மோதியிருக்கின்றன. கடலற்ற கண்டி இராச்சியம் உப்புக்குக் கரையோரத்தையே நம்பியிருந்தது. நாயக்கர் வம்சத்து மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுடன் போரிட்ட ஒல்லாந்தர், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கண்டி மக்கள் உப்பு எடுத்துச்செல்வதற்கு அனுமதி என்றொரு சலுகை மட்டும் எஞ்சியது. தன் குடிகளின் சோற்றுக்கான உப்பை அயலாரின் அனுமதியோடு பெறவேண்டிய நிலைக்கு ஓர் அரசு தள்ளப்பட்டது.

பின்வந்த பிரித்தானியர் உப்பை அரசாங்கத்தின் தனியுரிமையாக வைத்துக்கொண்டனர். ஏரியில் தானாக விளைந்த உப்பை ஓர் ஏழை அள்ளிச் சென்றால் அது குற்றம். அதன் காவல் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரின் பொறுப்பாக இருந்தது. 1908 முதல் 1911 வரை அப்பதவியை வகித்தவர் லெனார்ட் வூல்ப். எழுத்தாளர் வெர்ஜினியா வூல்பைப் பின்னர் மணந்தவர். அதற்கு முன் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணிபுரிந்தவர் என்பதால் எமக்கும் அறிமுகமானவர்.

அவருடைய உத்தியோக நாட்குறிப்புகளில் உப்புச் சேகரிப்பும், மாடுகளைக் கொன்ற கொள்ளைநோயும் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. உப்பை ஏற்றிச் செல்வதற்கு மாட்டுவண்டியே கதியாக இருந்த காலம் அது. இந்த வறண்ட மாவட்டத்தில் கண்ட வாழ்க்கையைத்தான் 1913இல் அவர் ஒரு நாவலாக வெளியிட்டார். அதை 1980இல் ‘பெத்தேகம’ என்ற பெயரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரைப்படமாக்கினார். அதிகாரத்தில் இருந்தபடியே அதிகாரத்தின் மீது ஐயம் கொண்ட ஒருவரை இந்த உப்புமண் உருவாக்கியது என்றே நான் கருதுகிறேன்.

நான் இரண்டாம் முறை அங்கு சென்றது 2005 ஜனவரியில். அம்பாந்தோட்டை நகரின் ஒரு பகுதி, கடலுக்கும் கரகன் லேவாயவுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. வாராந்தச் சந்தை கூடிய நாள். ஆழிப்பேரலை சந்தையையும் வீடுகளையும் வாரிக்கொண்டுபோய்ப் பின்னாலிருந்த ஏரியில் கொட்டியது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பூநாரைகள் நின்ற நீரில் கதவுகளும் துணிகளும் பேருந்தின் உடைந்த பாகங்களும் கிடந்தன. அந்த முதியவரைத் தேடினேன். அவர் குடியிருந்த வரிசையில் அத்திவாரங்கள் மட்டுமே இருந்தன. விசாரிப்பதற்கு அயலவர் ஒருவரும் இல்லை.

மூன்றாம் முறை சென்றபோது ஏரியே இல்லை. 2008இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் கரகன் லேவாயவை ஆழத் தோண்டிக் கடலுடன் இணைத்தது. 2010 நவம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. சீனக் கடனில் எழுந்த அத்துறைமுகம், 2017இல் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றிடம் சென்றது. கரையோரத்தை அந்நியர் கையில் கொடுத்த 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல, அன்று பீரங்கி பேசியது, இன்று கடன் பேசியது. ஆயினும் கரையில் வாழ்ந்தவனின் கருத்தை இரு காலத்திலும் எவரும் கேட்கவில்லை.

மகா லேவாய இன்னும் இருக்கிறது. பாத்தி கட்டி அங்கே உப்பு விளைவிக்கிறார்கள். எனினும் பருவம் தவறிய மழையால் விளைச்சல் கெட்டு, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்த நாடு 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. போரினால் முடங்கிய வடக்கின் ஆனையிறவு உப்பளத்தில் அதே ஆண்டு மார்ச்சில் தொழிற்சாலை திறக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

அம்பாந்தோட்டைக்குச் செல்பவர்கள் இன்று துறைமுகத்தையே பார்க்கிறார்கள். பாருங்கள், தவறில்லை. ஆனால் கப்பல்கள் நிற்கும் அந்த நீருக்கு முன்பு வேறொரு பெயர் இருந்தது என்பதையும், அதன் கரையில் வெயிலுக்காகத் துஆ கேட்ட மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.